புளூ டோபாஸ்: நீலம் ஏறும் விதமும் கல்லைச் சோதித்து வாங்கும் விதமும்

கடையில் பார்க்கும் புளூ டோபாஸில் கல் மண்ணிலிருந்து வந்தது, நீலம் இயந்திரத்திலிருந்து வந்தது. விற்பவர் இதை வாய்திறந்து சொல்லிவிட்டால் அதில் ஒரு குற்றமும் இல்லை. உலகம் முழுக்க விற்பனைக்கு வரும் நீல டோபாஸ் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் வருகிறது. சொல்லாமல் மறைப்பதும், "ஊர்க் கல்லு, அப்படியே மண்ணிலிருந்து எடுத்தது" என்று கூட்டிச் சொல்வதும்தான் சிக்கல். நிறம் எந்த வழியால் ஏறியது என்று தெரிந்தவருக்கு என்ன விலைக்குப் பேசலாம், பில்லில் எதை எழுதச் சொல்ல வேண்டும், பத்தரிடம் கொடுக்கும்போது எதைச் செய்ய வேண்டாம் என்று தடுக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

அகராதியைப் புரட்டினால் டோபாஸுக்குத் தமிழ் 'புஷ்பராகம்' என்று இருக்கும். கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடைகளில் புஷ்பராகம் கேட்டால் எடுத்து வைப்பதோ மஞ்சள் சபயர். குருவுக்கு உரிய கல் என்று மோதிரத்தில் கட்டுவது அதைத்தான். மஞ்சள் சபயர் குருந்தக் குடும்பம், டோபாஸ் முற்றிலும் வேறு கனிமம். (ஆங்கிலக்காரர் குருந்தத்துக்கு வைத்திருக்கும் பெயரே நம்முடைய 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.) போதாக்குறைக்கு, மஞ்சள் நிறப் படிகக்கல்லையும் புகைநிறப் படிகக்கல்லையும் 'டோபாஸ்' என்று விற்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் போகவில்லை.

ஆகவே பில்லில் 'நீலப் புஷ்பராகம்' என்று எழுதினால் ஒருவர் நீல டோபாஸ் என்று படிப்பார், இன்னொருவர் சபயரில் ஏதோ ஒரு வகை என்று படிப்பார். 'நீலக்கல்' என்று மட்டும் எழுதினால் இன்னும் மோசம், நம் ஊரில் நீலம் என்றாலே புளூ சபயர்தான். சனிக்கு நீலம் போடச் சொன்னார்கள் என்று தேடி வருபவருக்கு இந்த இடத்தில்தான் கை நழுவும். டோபாஸை 'டோபாஸ்' என்றே எழுதச் சொல்லுங்கள்.

வியாபாரத்தில் மூன்று நிறப்பெயர்கள் ஓடுகின்றன. வெளிறிய வான நீலம் ஸ்கை புளூ, பளிச்சென்ற நடுத்தர நீலம் சுவிஸ் புளூ, சற்றுச் சாம்பலோ பச்சையோ கலந்த அடர்ந்த மை நீலம் லண்டன் புளூ. சுவிட்சர்லாந்துக்கும் லண்டனுக்கும் இவற்றோடு எந்த மண் தொடர்பும் இல்லை. இவை அளந்து வைத்த தரங்களும் அல்ல. ஒருவருடைய சுவிஸ் இன்னொருவருடைய ஆழ்ந்த ஸ்கை ஆக இருக்கலாம். ஜோடித் தோட்டுக்குக் கல் வாங்கும்போது பெயரை நம்பாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

நீலம் எங்கே இருக்கிறது?

புளூ சபயரின் நிறம் கல்லுக்குள் இருக்கும் இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து தருவது. அந்தப் பழக்கத்தில் டோபாஸிலும் ஏதோ உலோகம் நிறம் தருகிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. டோபாஸ் என்பது அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன், புளோரின், கொஞ்சம் ஐதரொட்சில் சேர்ந்த கனிமம். இவற்றில் எதுவும் நிறம் தராது. சுத்தமான டோபாஸ் தண்ணீர் மாதிரி இருக்கும். மாத்தளையிலும் இரத்தினபுரிப் பக்கத்து 'இல்லம்' என்னும் கல் கிடைக்கும் சரளை மண்ணிலும் கிடைக்கும் டோபாஸும் பெரும்பாலும் நிறமற்றதாகவோ மிக வெளிறியதாகவோதான் வரும்.

இந்த நிறமற்ற கல்லுக்குள் சக்தி மிகுந்த கதிர் பாயும்போது, ஒட்சிசன் அணுவொன்றிலிருந்து ஓர் இலத்திரன் தட்டிவிடப்படுகிறது. போன இலத்திரன் பளிங்கில், அதாவது கல்லின் அணு அடுக்கில், வேறோர் இடத்தில் மாட்டிக்கொள்ளும், விட்டுப்போன இடம் வெறுமையாக நிற்கும். அந்த வெற்றிடம் ஒளியை உறிஞ்சத் தொடங்கும். இதை நிற மையம் என்பார்கள். நீலத்துக்குக் காரணமான மையம் செம்மஞ்சள், சிவப்புப் பகுதியை விழுங்குகிறது. மீதியாகக் கண்ணுக்கு வருவது நீலம்.

சிக்கல் என்னவென்றால், கதிர் ஒரே வகை மையத்தை மட்டும் உண்டாக்காது. நீல மையத்தோடு மஞ்சள், பழுப்பு மையங்களும் சேர்ந்தே உண்டாகும். அதனால் கதிரூட்டி எடுத்த கல் பல நேரம் பழுப்பாகவோ அழுக்குப் பச்சையாகவோதான் வெளியே வரும். பழுப்பு மையத்துக்கு உறுதி குறைவு. 200 பாகை செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்தால் சிக்கிய இலத்திரன்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடும், பழுப்பு மறையும். நீல மையம் அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கும். புளூ டோபாஸ் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இந்த வித்தியாசத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது: பழுப்பு போக வேண்டும், நீலம் நிற்க வேண்டும்.

இயற்கையிலும் இதே காரியம் நடக்கிறது. டோபாஸ் விளையும் கருங்கல் பாறைகளில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் அவற்றின் கதிர் பட்டுச் சில கற்கள் தாமாகவே நீலமாகும். பிரேசில், உக்ரைன், ரஷ்யா, அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற இடங்களில் அப்படிக் கிடைத்திருக்கிறது. டெக்சாஸ் 1969 இல் அதைத் தன் மாநில மணியாகவே அறிவித்தது. ஆனால் இயற்கை நீலம் பெரும்பாலும் மிக வெளிறியது. சுவிஸ், லண்டன் என்று சொல்லும் ஆழத்தில் ஒரு கல்லைக் காட்டி இயற்கை நிறம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கெவுடா என்னும் பால்போல் மங்கிய சபயரைச் சூளையில் வைத்து நீலமாக்கும் ஊர் என்பதால், புளூ டோபாஸும் 'ஹீட் பண்ணின கல்' என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தவறு. கெவுடாவில் 1,600 பாகைக்கு மேலான சூடுதான் நிறத்தைக் கொண்டுவருகிறது. டோபாஸில் நிறத்தைக் கொண்டுவருவது கதிர், சூடு அழுக்கைக் கழுவுவதற்கு மட்டும். அந்தச் சூட்டையும் 500, 600 பாகைக்கு ஏற்றினால் நீலமே போய்க் கல் மறுபடி வெள்ளையாகிவிடும்.

தொழிற்சாலையில் நடப்பது, வரிசைப்படி

முதலில் கல் தெரிவு. பிரேசில், நைஜீரியா, இலங்கை, சீனா முதலிய நாடுகளின் நிறமற்ற டோபாஸ் இதற்குப் போகிறது. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி நீலம் பிடிக்காது. ஒரே அளவு கதிர் கொடுத்தாலும் ஒரு சுரங்கத்துக் கல் ஆழமாகப் பிடிக்கும், இன்னொன்று பழுப்பாகி, சூடு காட்டியதும் பழையபடி வெள்ளையாக நிற்கும். காரணம் கல்லுக்குள் இருக்கும் நுண் அசுத்தங்களும் பளிங்கின் குறைகளும். அதனால் மாதிரிக் கற்களை முதலில் போட்டுப் பார்த்த பிறகே மொத்தச் சரக்கு உள்ளே போகும்.

அடுத்தது துப்புரவு. திரவக் குமிழி உள்ள கற்களும் வெடிப்புள்ள கற்களும் ஒதுக்கப்படும், சூட்டில் அவை பிளந்துவிடும். அணு உலைக்குப் போகும் கல்லின் மேல் மண்ணோ மெருகுத் தூளோ ஒட்டியிருக்கக் கூடாது. அந்த அழுக்கே உள்ளே கதிர்த்தொழிற்பாடு அடைந்து, தானே கதிர் வீசத் தொடங்கிவிடும்.

பிறகு கதிரூட்டல். இதற்கு மூன்று வழி.

காமாக் கதிர்: கதிர் வீசும் கோபால்ட்-60 பக்கத்தில் கற்களை வைப்பார்கள். கதிர் கல்லை ஊடுருவிப் போவதால் நிறம் உள்ளும் புறமும் ஒரே சீராக இருக்கும், ஆனால் கிடைப்பது வெளிறிய நீலம்தான். கல்லில் கதிர்த்தொழிற்பாடு துளியும் மிஞ்சாது. பியகமவில் உள்ள காமா நிலையத்தில் மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்குவதும் இதே வகைக் கதிரால்தான். அங்கிருந்து வரும் கையுறை கதிர் வீசாத அதே காரணத்தால் இந்தக் கல்லும் வீசாது.

இலத்திரன் ஆர்முடுக்கி: 10 முதல் 20 மெகா இலத்திரன் வோல்ட் சக்தியுள்ள இலத்திரன் கற்றையைக் கல்லின் மீது பாய்ச்சுவார்கள். சந்தையில் ஓடும் ஸ்கை புளூவில் பெரும்பங்கு இந்த வழியால் வருகிறது. கற்றை பாயும்போது கல் பயங்கரமாகச் சூடாகும். ஓடும் நீரில் குளிரவைத்தபடிதான் வேலை நடக்கும். குளிர்த்தல் தவறினால் கல் வெடிக்கும். வெளியே எடுத்த பின் சூடு காட்டிப் பழுப்பை நீக்க வேண்டும். சக்தி கூடிய கற்றையாக இருந்தால் சிறிது கதிர்த்தொழிற்பாடு உண்டாகலாம், அது விரைவில் தணியும்.

நியூத்திரன்: அணு உலைக்குள் வைப்பது. வேக நியூத்திரன்கள் இலத்திரனைத் தட்டுவதோடு நில்லாமல் அணுக்களையே இடம்பெயர்த்துவிடும். லண்டன் புளூவின் ஆழமும் அந்த மங்கிய எஃகுச் சாயலும் இங்கிருந்து வருகின்றன. வேகம் குறைந்த நியூத்திரன்கள்தான் அசுத்தங்களைக் கதிர்த்தொழிற்பாடு உள்ளவையாக மாற்றுவதில் கெட்டிக்காரர்கள். அதனால் அவற்றை விழுங்கும் கட்மியமோ போரனோ பூசிய பெட்டிகளில் கற்களை வைப்பார்கள். இலங்கையில் அணு உலை இல்லை. ஆகவே கொழும்பில் விற்கும் லண்டன் புளூ எதுவாயினும், கல் மாத்தளையில் தோண்டியதாகவே இருந்தாலும், நிறத்துக்காகக் கடல் கடந்து போய் வந்திருக்கிறது.

நியூத்திரனும் இலத்திரனும் அடுத்தடுத்துக் கொடுத்து, பிறகு சூடு காட்டினால் லண்டனின் சாம்பல் குறைந்து பளிச்சென்ற நீலம் வரும். நல்ல சுவிஸ் புளூ பல இப்படி இரண்டு கட்டம் கடந்தவை. இரண்டு இயந்திரக் கூலி சேர்வதால் விலையும் சற்றுக் கூடும்.

கதிர் பற்றிய பயம்

நிறம் வேறு, கதிர்த்தொழிற்பாடு வேறு. நிற மையம் எந்தக் கதிரையும் வீசாது. கதிர் வீசுவது, நியூத்திரன் பட்டு மாறிப்போன நுண் அசுத்தங்கள். டான்டலம்-182 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது கதிர் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 115 நாள், ஸ்கண்டியம்-46 க்கு 84 நாள், மங்கனீசு-54 க்கு 312 நாள், சீசியம்-134 க்கு இரண்டு ஆண்டு அளவில். டான்டலம் மட்டும் உள்ள கல் என்றால் 460 நாள் பூட்டி வைத்தால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சீசியம் இருந்தால் அதே அளவு குறைய எட்டு ஆண்டு பிடிக்கும். எந்தச் சரக்கில் எது இருக்கிறது என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் உலையிலிருந்து வரும் கற்களைச் சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகள் வரை தடுத்து வைத்து, காமா நிறமாலைமானியில் அளந்து, வரம்புக்குக் கீழே வந்த பின் விடுவிப்பார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட கற்களை முதன்முதல் சந்தைக்கு விடுபவர் அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

ஒரு மோதிரம் வாங்குபவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை, முறைப்படி விடுவித்த கல் பாதுகாப்பானது. ஆனால் லண்டன் புளூவைப் பொதியாக இறக்குமதி செய்பவர் விடுவிப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். வெளியூர் வாடிக்கையாளர் ஒருநாள் கேட்பார். 'கையடக்கக் கருவியால் பார்த்தோம், சத்தம் வரவில்லை' என்பது பத்திரம் ஆகாது. அந்தக் கருவிகளுக்கு இவ்வளவு நுண்ணிய அளவு பிடிபடுவதில்லை.

மேசையில் வைத்துச் சோதிப்பது

புளூ டோபாஸ் என்று கண்ணாடியும், செயற்கையாகச் செய்த சிந்தெட்டிக் ஸ்பினல் கல்லும் வரும். புளூ டோபாஸே அக்குவாமரைன் என்ற வேறொரு வெளிர்நீலக் கல்லின் பெயரில் வரும். பின்னது அதிகம் வலிக்கும், ஏனென்றால் அக்குவாமரைன் பலமடங்கு விலை.

பார்ப்பது காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள், நேர் வெயில் படாத யன்னல் ஓரம், வெள்ளைத் தாளின் மேல். நகைக்கடை மஞ்சள் விளக்கில் லண்டன் புளூ கறுத்துப் போகும், வெள்ளை எல்ஈடி விளக்கில் ஸ்கை புளூ உள்ளதைவிடத் தூக்கிக் காட்டும். மேற்பட்டை மேலே இருக்கும்படி கல்லை அச்சடித்த தாளின் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். எழுத்து நடுவில் தெளிவாக வாசிக்க முடிந்தால் கீழ்ப்பட்டை தட்டையாக வெட்டியது, ஒளி திரும்பாமல் ஓட்டை விழுந்திருக்கிறது. டோபாஸ் மலிவான கல், ஓட்டை விழுந்த வெட்டுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அடுத்த கல்லைக் கேளுங்கள்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் உருண்டைக் குமிழியும் சுழல் கோடும் தெரிந்தால் கண்ணாடி. பின்பக்கப் பட்டை ஓரங்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் புளூ சிர்கோன். நல்ல டோபாஸில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனால் 'உள்ளே சுத்தமாக இருக்கிறது, ஆகவே போலி' என்ற முடிவு டோபாஸுக்குப் பொருந்தாது. பட்டை ஓரங்களில் மட்டும் நிறம் தேய்ந்தோ புள்ளி புள்ளியாகவோ இருந்தால் அது பூச்சு. வானவில் நிறம் அடிக்கும் 'மிஸ்டிக்' டோபாஸ் இந்த வகை. அந்த மெல்லிய படலம் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில் இருக்கும், உரசினால் போய்விடும்.

செல்சி வடிகட்டி (கல்லைப் பார்க்கும் சிறு நிறக் கண்ணாடி) இருந்தால் ஒரு நொடி வேலை: டோபாஸ் பச்சை கலந்த நீலமாகவே நிற்கும். சிவப்பாக மாறினால் கோபால்ட் சேர்ந்த கண்ணாடி, சிந்தெட்டிக் ஸ்பினல், அல்லது கோபால்ட் ஏற்றிய டோபாஸ்.

முறிவுச் சுட்டி, அதாவது கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்ற எண், பார்க்கும் கருவி கையில் இருந்தால் மேலே சொன்னவற்றில் பாதி தேவையே இல்லை. புளூ டோபாஸ் 1.61க்கும் 1.62க்கும் பக்கத்தில் இரண்டு கோடு காட்டும், இடைவெளி 0.008 முதல் 0.010. அக்குவாமரைன் 1.57–1.58. சபயர் 1.76–1.77. சிந்தெட்டிக் ஸ்பினல் 1.728 இல் ஒரே கோடு. கண்ணாடியும் ஒரே கோடுதான், அது எங்கே வேண்டுமானாலும் விழலாம். சில கண்ணாடிகள் 1.62 இலேயே விழும். அதனால் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்து இரண்டாவது கோடு இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் முடிவுக்கு வர வேண்டாம்.

கருவி இல்லாதவருக்குக் கைகொடுப்பது சாரடர்த்தி, அதாவது அதே கன அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்ற எண். மோதிரத்தில் பதிக்காத, மூன்று கரட்டுக்குக் குறையாத கல் வேண்டும். 0.01 கரட் காட்டும் தராசு வேண்டும்.

1. கல்லைத் துடைத்து உலர்த்தி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொதித்து ஆறிய தண்ணீர் பாதி. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விடுங்கள், கல்லில் குமிழி ஒட்டாமலிருக்க. கிண்ணமும் தண்ணீரும் சேர்ந்து தராசின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது. 20 கிராம் பொக்கற் தராசில் தேநீர்க் கோப்பையை வைத்தால் அது காட்டுவது பிழைக் குறி மட்டும்தான்.

3. கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள்.

4. மெல்லிய நைலோன் இழையில் கல்லைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கையால் பிடிக்காமல் பக்கத்தில் ஒரு தாங்கியிலிருந்து தொங்கவிட்டால் எண் ஆடாது.

5. இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள்.

6.20 கரட் கல் தண்ணீரில் 1.76 காட்டினால் 3.52, டோபாஸ். அதே எடையில் அக்குவாமரைன் என்றால் 2.28 அளவில் காட்டும், விடை 2.72. சபயர் 1.55 காட்டி 4.00 தரும். ஸ்பினல் 3.64 என்பதால் டோபாஸோடு உரசிக்கொண்டு நிற்கும். சிறு கல்லில் இவ்விரண்டையும் எடையால் மட்டும் பிரிக்க முயல வேண்டாம், செல்சி வடிகட்டியையோ முறிவுச் சுட்டியையோ கூட்டிக்கொள்ளுங்கள். விடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் பெரும்பாலும் கல்லிலோ இழையிலோ குமிழி ஒட்டியிருக்கும். கூடினால் கல் அடியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டாம். தொட்டால் எண் கூடி விடை குறையும். கூடிய விடைக்குக் காரணம் பெரும்பாலும் கல் முழுவதும் மூழ்காதது.

பதித்த கல்லுக்கு இது உதவாது. அங்கே அளவிலிருந்து எடையைக் கணிக்கலாம்: முட்டை வடிவக் கல்லின் நீள அகலச் சராசரியைத் தன்னாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, சாரடர்த்தியால் பெருக்கி, 0.002 ஆல் பெருக்குங்கள், எல்லா அளவும் மில்லிமீற்றரில். 10க்கு 8, ஆழம் 5.2 என்ற டோபாஸ் ஏறக்குறைய 3 கரட் வரும். அதே அளவில் அக்குவாமரைன் 2.3 கரட் தான். 'அக்குவாமரைன், 3 கரட்' என்று சீட்டில் எழுதிய 10க்கு 8 கல்லைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும். ஒன்று கல் மிக ஆழமாக வெட்டியது, இல்லையென்றால் சீட்டை எழுதியவர் எடையைச் சரியாகவும் பெயரைத் தவறாகவும் எழுதியிருக்கிறார்.

ஆய்வுகூடமும் பில்லும்

காலிமுகத் திடலுக்குப் பக்கத்தில், கொழும்பு 3 இல், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல் சோதிக்கும் ஆய்வுகூடம் இருக்கிறது. தனியார் ஆய்வுகூடங்களும் கொழும்பில் உண்டு. டோபாஸா இல்லையா என்பதை எந்த ஆய்வுகூடமும் உறுதியாகச் சொல்லும். ஆனால் வெளிறிய நீலத்தில் இயற்கையாக ஏறியதையும் இயந்திரத்தில் ஏறியதையும் பிரித்தறிய வழக்கமான சோதனைகளில் வழி இல்லை. இரண்டிலும் இருப்பது ஒரே நிற மையம். ஆகவே அறிக்கையில் நிறத்தின் மூலம் தீர்மானிக்க முடியாதது என்ற பொருளில் ஒரு வரி வந்தால் ஆய்வுகூடம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'இயற்கை நீலம், பதனிடப்படாதது' என்று அடித்துச் சொல்லும் காகிதத்தைத்தான் இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

இன்னொரு சொல் விளையாட்டு: 'இயற்கைக் கல்' என்பது உண்மை, 'இயற்கை நிறம்' என்பது வேறு. வாய்ச்சொல்லில் இரண்டும் ஒன்றாகிவிடும். பில்லில் 'இயற்கை டோபாஸ், நிறம் கதிரூட்டிப் பெற்றது, எடை இத்தனை கரட், அளவு இத்தனை' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்க வேண்டிய அவசரம் எவருக்கும் இல்லை, இந்தக் கல் எல்லாக் கடையிலும் கிடைக்கும். விலையும் அப்படித்தான். சபயரில் கல் பெரிதாகப் பெரிதாகக் கரட் விலை தாவி ஏறும். டோபாஸின் பெரிய கற்கள் தாராளமாகக் கிடைப்பதால் அந்தத் தாவல் இங்கே இல்லை. சபயர்க் கணக்கில் விலை சொன்னால் ஏமாற வேண்டாம்.

வெட்டுபவருக்கும் பத்தருக்கும்

டோபாஸின் கடினம் பத்துக்கு 8, படிகக்கல்லைவிட மேல். கீறல் பற்றிக் கவலை குறைவு, பிளவு பற்றித்தான் கவலை. பளிங்கின் நீளத்துக்குக் குறுக்காக ஒரு பிளவுத் தளம் இருக்கிறது, அந்தத் திசையில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இரண்டாகும். வெட்டும்போது மேற்பட்டையோ வேறெந்தப் பட்டையோ அந்தத் தளத்துக்குச் சமாந்தரமாக விழக் கூடாது. விழுந்தால் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் மெருகு ஏறாது, சிறு சிறு செதில்களாகப் பெயரும். 5 முதல் 10 பாகை சாய்த்து வைத்தால் வேலை ஓடும். கீழ்ப்பட்டை 41–43 பாகை. ஒளி திரும்புவதற்கான எல்லை 38 பாகைக்குப் பக்கம், அதற்குக் கீழே இறங்கினால் மேலே சொன்ன ஓட்டை விழும். மெருகுக்கு அலுமினியம் ஒட்சைட்டோ மிக நுண்ணிய வைரத் தூளோ பொருந்தும்.

கல் கதிருக்குப் போகும் முன் வெட்டுவதா, பின் வெட்டுவதா என்ற கேள்வி வரும். உலையிலிருந்து வந்த முரட்டுக் கல்லை வெட்டுவதென்றால் விடுவிக்கும் அளவுக்கு இறங்கியது என்ற பத்திரம் கையில் இல்லாமல் தொட வேண்டாம். வெட்டும்போது வரும் தூள் மூக்குக்குள் போகும், மோதிரத்தில் இருக்கும் கல் போகாது.

பதிக்கும்போது கொக்கிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி மடியுங்கள். சுத்தியலால் தட்டி மூடும் முறை இந்தக் கல்லுக்கு ஆகாது. மோதிர அளவு கூட்டக் குறைக்க வந்தால் கல்லைக் கழற்றாமல் நெருப்புக் காட்ட வேண்டாம். வெள்ளிப் பற்றாசு உருகும் சூட்டில் நீலம் மங்கும், அதற்கு முன்பே கல் வெடிக்கவும் கூடும். சூடாக இருக்கும் நகையை அமிலத்திலோ தண்ணீரிலோ முக்குவதும் அதே ஆபத்து. கழற்ற முடியாத அமைப்பு என்றால் லேசர் ஒட்டு செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். வாங்கியவரும் பத்தரிடம் கொடுக்கும்போதே 'இது டோபாஸ்' என்று சொல்லிவிட வேண்டும். சபயர் என்று நினைத்து நெருப்புக் காட்டிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை, போன நீலத்தைப் பத்தரால் திருப்பித் தர முடியாது.

வீட்டில் கழுவ இளஞ்சூட்டு நீர், சிறிது சவர்க்காரம், மென்மையான பல்துலக்கி போதும். அதிர்வலைத் தொட்டியும் நீராவியும் வேண்டாம், பிளவு விரியும். அன்றாட வெயிலில் நீலம் வெளுக்காது. வாங்கிய சில வாரங்களில் வெயில் பட்டு நிறம் மாறினால், பழுப்பு மையத்தைச் சரியாக நீக்காத கல்லோ பூச்சுப் போட்ட கல்லோ கிடைத்திருக்கிறது என்று பொருள். பில்லோடு கடைக்குத் திரும்பிப் போங்கள். பெட்டியில் வைக்கும்போது சபயர், வைர நகைகளோடு ஒன்றாகப் போடாமல் தனித் துணிப்பையில் வையுங்கள். கடினம் 9ம் 10ம் உள்ள கற்கள் 8ஐக் கீறும்.